வேலூர் வெயிலில் மேட்டுப்பாத்தி: வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மேட்டுப்பாத்தி என்றால் சுற்றிலும் சுவர் வைத்து, தரைக்கு மேலே மண் நிரப்பிய பாத்தி. பதில்கள் இந்த ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்றவை. பெங்களூரில் இருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும். கணக்கெல்லாம் 8 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள ஒரு பாத்திக்குச் சொன்னது.

வேலூர் மாதிரி காயுற ஊருக்கு மேட்டுப்பாத்தி நிஜமாவே தேவையா? வீடியோவுல பார்க்க ஆசையா இருக்கு.

எல்லோருக்கும் தேவையில்லை. உங்கள் மனையில் நல்ல செம்மண் இருக்கிறது, ஒரு முழம் தோண்டினாலும் கல் தட்டவில்லை, மழை நின்ற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடுகிறது என்றால் பேசாமல் தரையிலேயே பாத்தி கட்டுங்கள். மேடு சீக்கிரம் காயும், பள்ளம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குளிர்நாடுகளில் மேட்டுப்பாத்தியைக் கொண்டாடுவதற்கு ஒரு காரணம், வசந்த காலத்தில் அந்த மண் சீக்கிரம் சூடேறும் என்பது. சித்திரை மாதத்து சத்துவாச்சாரியில் மண்ணைச் சூடேற்ற யாரும் மெனக்கெட வேண்டியதில்லை.

தேவைப்படுகிறவர்கள் வேறு. புது லேஅவுட்டில் வீடு கட்டியவர்கள் முதலில். அங்கே மண் என்று இருப்பது உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, ஜல்லி, பெயிண்ட் டப்பா. அடுத்தது, மலையடிவாரத்தில் நாலு அங்குலத்திலேயே பாறை தட்டும் மனைகள். மூன்றாவது, ஏரியை ஒட்டிய தாழ்வான களிமண் மனைகள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மழையை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வான தோட்டத்தில் கத்திரிச் செடி வேர் அழுகி நின்றபடியே செத்துப்போகும். கடைசியாக, குனிய முடியாதவர்கள். முட்டி வலிக்காரர்களுக்கு விளிம்பில் உட்கார்ந்து களை பிடுங்க முடிவதே பெரிய காரணம்.

இந்த நாலில் ஒன்றும் உங்களுக்கு இல்லையென்றால், சுவருக்கு ஆகும் காசில் ரெண்டு வண்டி எரு வாங்கிவிடலாம்.

எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?

அகலம் 4 அடி, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஒரு தடவை மிதித்தால் மண் இறுகும், இறுகின மண்ணில் வேர் திணறும். மதில் ஓரமாகப் போடுகிறீர்கள் என்றால் ஒரு பக்கம்தான் கை போகும், ஆகவே 2 அடி. நீளம் உங்கள் இஷ்டம். நடைபாதை குறைந்தது ஒன்றரை அடி, தள்ளுவண்டி போக வேண்டுமானால் இரண்டரை.

உயரம் 1 அடி போதும். படங்களில் இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். நம்மூரில் அந்தச் சுவர் நாலு பக்கமும் வெயில் வாங்கும், உள்ளே மண் வேகும், தண்ணீர் இரட்டிப்பாகும். அடியில் பாறையோ கெட்ட மண்ணோ இருந்தால் மட்டும் ஒன்றரை அடி. மற்றபடி அடித்தரையைக் கடப்பாரை போட்டு அரை அடி கிளறிவிட்டு, அதன்மேல் ஒரு அடி நிரப்பினால் வேருக்கு ஒன்றரை அடி கிடைத்துவிடுகிறது.

எந்தப் பக்கம் பார்த்து அமைக்கணும்?

நாம் இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஒரு கம்பை நட்டால் நிழலே விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் வீட்டுக்கு வடக்குப் பக்கம் உள்ள பாத்தியில் கோடையில் காய் வரும், மார்கழியில் நாள் முழுக்க நிழல் விழும். கிழக்குப் பக்கம்தான் யோகம். காலை வெயில் முழுசாகக் கிடைத்து, பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் விழுந்தால் அதைவிட நல்ல இடம் வேலூரில் கிடையாது. மேற்குப் பக்கம்தான் கிடைக்கிறது என்றால், அந்த ஓரத்தில் பந்தல் போட்டுப் பாகலையோ பீர்க்கையோ ஏற்றி, அதன் நிழலில் மற்றதை வையுங்கள்.

சுவர் எதுல கட்டலாம்? மரப்பலகை நல்லா இருக்குமா?

பார்க்க நன்றாக இருக்கும், கறையான் வரும் வரைக்கும். செம்மண் பூமியில் ஈரமான பலகை என்றால் அதற்கு விருந்து. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டி நிறுத்துகிறவர்கள் உண்டு. அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு, தொடவே வேண்டாம்.

சிமெண்ட் சாலிட் பிளாக் நல்ல தேர்வு. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குல கனம் உள்ள கல்லில், ஒரு வரிக்கு 18 கல், இரண்டு வரிக்கு 36 கல் ஆகும். முதல் வரியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தால் தரைக்கு மேலே சரியாக 1 அடி நிற்கும், சாயவும் சாயாது. கலவை போட்டுப் பூச வேண்டியதில்லை, அடுக்கினாலே போதும். இடுக்கு வழியாக உபரித் தண்ணீர் கசியும், அது நல்லதுதான். வீடு இடித்த செங்கல் கிடைத்தால் அதுவும் சரி. இந்தப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கும் கை வைக்க முடியாதபடி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கல்லில்தான் கட்டுவேன் என்றால் உள்பக்க ஓரம் அரை அடிக்கு நாற்று வைக்காதீர்கள்.

ஹாலோ பிளாக்குல கட்டினா ஓட்டைக்குள்ள தேள் வருதே?

வரும். ஓட்டைகளை மண் கொட்டி விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். நிரப்பின ஓட்டையில் புதினா, கொத்தமல்லி, செண்டுமல்லி ஊன்றலாம். புதினாவைப் பாத்திக்குள் விட்டால் இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும், ஓட்டைக்குள் வைத்தால் அடங்கி இருக்கும். பாத்தியை ஒட்டிக் கல், விறகு, ஓடு குவித்து வைக்காமல் இருந்தாலே பாதி பயம் தீர்ந்தது.

அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிக்கணுமா?

கூடாது. ஜல்லி பரப்புவதும் தேவையில்லை. பாத்தியின் அடி திறந்து இருக்க வேண்டும். மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிப் போக அதுதான் வழி. நம்மூர் போர் தண்ணீருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன். பெருச்சாளித் தொல்லை உள்ள தெருவானால் மட்டும் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை விரித்து, ஓரங்களைச் சுவருக்கு அடியில் மடித்து விடுங்கள். கோரை உள்ள இடத்தில் அட்டைப்பெட்டி விரித்தால் போதும் என்கிறார்கள். கோரை அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வரும். கிழங்கோடு தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

மண் கலவை எப்படி? எவ்வளவு வாங்கணும்?

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சுவர் எப்படி இருந்தாலும் செடிக்குக் கவலையில்லை.

8 × 4 × 1 அடி என்றால் 32 கன அடி. மண் வியாபாரிகள் யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, ஆக உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வேண்டும். ஆனால் புதுக் கலவை இரண்டு மழைக்கு ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும், அதனால் 40 கன அடிக்குத் திட்டமிடுங்கள். பாதி, அதாவது 20 கன அடி செம்மண். 12 கன அடி மக்கிய எரு. மீதி 8 கன அடி தென்னை நார்க்கழிவு. கட்டியாக விற்கும் 5 கிலோ நார்க்கழிவை ஊறவைத்தால் சுமார் 70 லிட்டருக்கு உப்பும், ஆகவே மூன்று கட்டி. எல்லாவற்றோடும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு.

செம்மண் கேட்டால் வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்பும் கிராவலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் பொடிக்கல்லும் பசையும்தான், உயிர் இருக்காது. லாரி வருவதற்கு முன் போய் ஒரு கைப்பிடி நனைத்துப் பாருங்கள். உருட்டினால் கொழுக்கட்டை மாவு போலச் சேர்ந்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் களி அதிகம், சேரவே இல்லையென்றால் மணல். எம்-சாண்ட் கலக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அதில் உள்ள கல்தூசி தண்ணீர் பட்டால் இறுகும்.

எரு விஷயத்தில் அவசரம் கூடாது. நல்ல எரு கறுப்பாக, சூடில்லாமல், சாணி வாடை அடங்கி மண் வாடை வர வேண்டும். உள்ளே கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். ஓரத்தில் குவித்து, நனைத்து, ஓலை போட்டு மூடி இரண்டு மாதம் விடுங்கள்.

நார்க்கழிவை அலசாமல் போடாதீர்கள். தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு. மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் மோசம். ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டீ நிறத்தில் வரும், அது வெளுக்கும் வரை அலச வேண்டும்.

எங்க வீடு ராணிப்பேட்டையில, தோல் தொழிற்சாலை பக்கம். இங்க காய்கறி போடலாமா?

மேட்டுப்பாத்திக்கு உண்மையான தேவை இருப்பது உங்களுக்குத்தான். பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவால் மண்ணும் கிணறும் கெட்டது உச்ச நீதிமன்றம்வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிரச்சினை இரண்டு: ஒன்று உப்பு, இன்னொன்று குரோமியம். உப்பு செடியைக் கொல்லும், அது கண்ணுக்குத் தெரியும். குரோமியம் தெரியாது. செடி அதைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவிடும், காய்க்குப் போவது குறைவு. ஆகவே முள்ளங்கி, பீட்ரூட் போன்ற கிழங்கு வகையும், மண்தூசி ஒட்டும் கீரையும்தான் அதிகக் கவலை. கத்திரி, வெண்டை, பந்தல் காய்களில் கவலை குறைவு.

மேலே சொன்ன விதியை இங்கே மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உயரம் ஒன்றரை அடி. அடியில் தண்ணீர் போகும், வேர் போகாத கனமான நெய்யாத துணி. வெளி மண், அதுவும் அதே ஏரி, அதே வாய்க்கால் வண்டலாக இருக்கக்கூடாது. போர் தண்ணீரை விட்டுவிட்டு மழைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் செய்யும் சாதாரண மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து தெரியும். குரோமியம் அதில் வராது, கன உலோகப் பரிசோதனை என்று தனியாகக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

மொட்டை மாடியில இதே மாதிரி கட்டலாமா?

வேண்டாம். நனைந்த மண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. ஒரு அடி உயரப் பாத்தி என்றால் ஒவ்வொரு சதுர அடிக்கும் 45 கிலோ. ஆட்கள் போய் வரும் மொட்டை மாடித் தளத்துக்கு இந்தியக் கட்டட விதியில் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. மூன்று மடங்கு மிஞ்சுகிறது. நீர்க்கசிவு தனிக்கதை. மாடிக்குப் பைகள் போதும். மண்ணைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டி, நடுத்தளத்தில் வைக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள்.

போர் தண்ணி உப்பு கரிக்குது. செடி தாங்குமா?

செடியைப் பொறுத்தது. பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைக் கண்டாலே சுருளும். தக்காளி, கத்திரி, மிளகாய் ஓரளவு சமாளிக்கும். காராமணி அதைவிடத் தேவலை. பீட்ரூட்டும் கொத்தவரையும் நன்றாகத் தாங்கும். கொத்தவரங்காயை ஏழைக் காய் என்று ஒதுக்குகிறவர்கள் வேலூர் போர் தண்ணீரில் ஒரு கோடை அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். வெயிலும் உப்பும் சேர்ந்து அடித்தாலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

உப்பு ஏறுவது கண்ணுக்கே தெரியும். சுவர் ஓரத்திலும் மண் மேலும் வெள்ளைப் பூத்தது போல் படியும், இலை ஓரம் கருகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலாகத் தெளிக்கிறவர்கள் பாத்தியில்தான் இது அதிகம். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். விட்டால் ஆழமாக விடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பாத்தியை முழுக்க நனைத்து வடியவிட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். ஆடியிலிருந்து கார்த்திகைவரை மழையே அந்த வேலையைச் செய்துவிடும், அடி திறந்திருந்தால்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், ஊற்றாதீர்கள். வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அதன் தண்ணீரும் வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது, சோடியம் மண்ணை இறுக்கும். ஏ.சி. தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாயிற்று, பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது. அந்தக் குழாயின் கீழ் ஒரு தொட்டி வைத்துப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி? காலையில ஊத்தணுமா, சாயங்காலமா?

கத்திரி வெயிலில் இந்தப் பாத்தி ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் கேட்கும், இரண்டு குடத்துக்கும் கொஞ்சம் குறைவு. மார்கழியில் அதில் பாதிகூட வேண்டாம். காலை ஏழு மணிக்குள் ஊற்றுவது நல்லது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு விடுமுறை. நடுப்பகலில் பூசணி இலை தொங்குவதைப் பார்த்து ஓடிப்போய் ஊற்றாதீர்கள், சாயங்காலம் தானாக நிமிரும். காலையிலும் தொங்கினால்தான் தாகம்.

மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் காய்ந்த போர்வை இல்லாமல் வேலூரில் மேட்டுப்பாத்தி வைக்காதீர்கள். வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டவே கூடாது. இந்த ஜில்லாவில் மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்) போல மலிவான மூடாக்கு கிடையாது. எண்ணெய்ச் செக்கு, கடலை உடைக்கும் மில் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள். காற்றில் பறக்காது, மெதுவாக மக்கும், மழைத்துளி மண்ணை அடித்துத் தெறிக்க விடாது. உப்பு போட்டு வறுத்த கடலையின் தோல் மட்டும் கூடாது. வைக்கோல் போட்டால் கோழி வந்து கிளறும், கரும்புச் சோகை நல்லதுதான் என்றாலும் கையைக் கிழிக்கும்.

எந்த மாசம் என்ன போடறது?

ஆடியில் தொடங்குங்கள். சாயங்கால இடிமழை ஆரம்பித்திருக்கும், மண் சூடு இறங்கியிருக்கும். கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று விடவும், வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், புடலை நேரடியாக ஊன்றவும் இதுவே பட்டம், அதாவது விதைக்கும் பருவம். நாட்டு அவரையை மாசியில் போட்டுவிட்டுக் கொடி மட்டும் காடாக ஓடுகிறது, பூக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. பகல் குறைந்தால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். ஆடியில் போட்டால் மார்கழி, தையில் கூடை கூடையாக வரும், பொங்கல் குழம்புக்கு நேராக.

ஐப்பசி அடைமழையில் கீரை விதைக்காதீர்கள், முளையை மழை அடித்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை நமக்கு வாய்த்த ஒரே குளிர்காலம். முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் அதற்குள்தான். காலிஃபிளவர் நாற்றைத் தையில் நட்டுவிட்டுப் பூ சிறுத்துப்போச்சு என்றால் அது விதைக்காரன் குற்றமில்லை.

தைப்பட்டத்தில் வெண்டை, பீர்க்கு, பாகல், வெள்ளரி, கீரைகள். சித்திரை, வைகாசியில் பாத்திக்கு ஓய்வு கொடுப்பது என் கட்சி. சணப்பு என்ற பசுந்தாள் உரச்செடியோ காராமணியோ நெருக்கமாக விதைத்து, பூக்கும் சமயத்தில் வெட்டி அங்கேயே மடக்கிப் போட்டால் ஆடிக்குள் மக்கிவிடும். சும்மா விட மனம் வரவில்லை என்றால் 50 சதவீதப் பச்சை நிழல்வலையின் கீழ் தண்டுக்கீரையும், வெளியே கொத்தவரையும் வெண்டையும்.

இலவம்பாடி முள்ளு கத்திரி வீட்டுல வருமா?

வராமல் என்ன? அதன் ஊரே இதுதானே. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடிப் பெயரில் நாம் வாங்கும் அந்தக் காய்க்கு 2023-ல் வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்ணெய்க் கத்திரிக்கும் பிரியாணியோடு வைக்கும் தாளிச்சாவுக்கும் இதைத் தேடித்தான் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். விதையை நம்பிக்கையான விவசாயியிடமிருந்து கேட்டு வாங்குவது உத்தமம். விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த விஆர்எம் 1 என்ற ரகமும் உண்டு.

நாற்றுக்கு 30, 35 நாள். பாத்தியில் செடிக்குச் செடி 2 அடி விட வேண்டும். நட்ட அன்று சுண்டுவிரல் அளவு நாற்றைப் பார்த்தால் இவ்வளவு இடம் வீண் என்று தோன்றும். தோன்றட்டும், இடையில் ஒருமுறை கீரை எடுத்துக்கொள்ளுங்கள். 8 × 4 பாத்தியில் எட்டுச் செடிக்கு மேல் வைக்காதீர்கள். காம்பில், இலை நரம்பில், தண்டில் எல்லாம் முள் இருக்கும். பறிக்கும்போது கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்பை வெட்டுங்கள்.

நுனிக் குருத்து ஒன்று மட்டும் திடீரென்று தலை தொங்கினால் தண்ணீர்க் குறை என்று நினைக்காதீர்கள். அந்தக் குருத்தை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே கூடாகி, ஈரமான கழிவுக்கு நடுவே வெளிர் ரோஜா நிறத்தில் சின்னப் புழு ஒன்று நெளியும். தண்டு காய்த்துளைப்பான் அதுதான். குருத்தை விட்டுவைத்தால் அடுத்து காய்க்குள் போகும். வாடின நுனிக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, நசுக்கியோ எரித்தோ விடுங்கள், குப்பையில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். எட்டுச் செடிக்கு இந்தக் கை வேலையே போதும். கூடவே ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் ஒரு இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிடலாம். மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

தக்காளி பூ பூவா வைக்குது, பிஞ்சே பிடிக்கல.

எந்த மாதம்? சித்திரை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. பகல் 35 டிகிரிக்கு மேலும் இரவு புழுக்கமாகவும் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். மார்கழியில் கொட்டினால், எருவும் புண்ணாக்குக் கரைசலும் ஊற்றி ஊற்றிச் செடியைக் கொழுக்க வைத்திருக்கிறீர்கள். நிறுத்துங்கள், காலையில் பூக்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

மண்ணைக் கிளறினா கட்டை விரல் தடிமன்ல வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கு. மண்ணுக்கு நல்லதா?

எருவில் வந்த காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கும். அது மக்கும் குப்பையைத்தான் முக்கியமாகத் தின்னும், ஆனால் சின்னத் தொட்டியிலும் பாத்தியிலும் நாற்று வேரை விட்டுவைக்காது. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், காக்கைக்கும் பிடிக்கும். எருவைச் சலித்து, வேப்பம்புண்ணாக்கு கலந்து பாத்திக்குள் விட்டால் இந்தத் தொல்லை மிகவும் குறையும். செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? அது வேறு, நூற்புழு. அந்தப் பாத்தியில் அடுத்த பட்டத்துக்குக் கத்திரி, தக்காளி, வெண்டை மூன்றையும் நிறுத்தி, செண்டுமல்லி நெருக்கமாக வையுங்கள்.

மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கிறது?

முதலில் தண்ணீர்ப் பீச்சல். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மருந்து மட்டும் அடிப்பது வீண்வேலை, பூச்சியைச் சுமந்துகொண்டு வருவதே எறும்புதான்.

குரங்கு?

மலையடிவாரத் தெருக்களில் இதற்கு முழு வலைக்கூண்டு ஒன்றுதான் விடை. பொம்மை, சிடி, பட்டாசு எல்லாம் ஒரு வாரம். பாகலிலும் மஞ்சளிலும் தொந்தரவு கொஞ்சம் குறைவு.

வாடகை வீடு. காலி பண்ணும்போது என்ன பண்றது?

கல்லை அடுக்கி மட்டும் வைத்திருந்தால் அரை நாளில் பிரித்துவிடலாம், மண்ணை மூட்டை கட்டலாம். வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் மண் ஏற்றாதீர்கள், ஈரம் ஏறி உள்ளே பெயிண்ட் உரிந்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். ஒன்றரை அடி தள்ளியே வையுங்கள்.

மண்ணை வருஷா வருஷம் மாத்தணுமா?

மாற்றவே வேண்டாம். ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள், வேர் உள்ளேயே மக்கட்டும், நோயும் நூற்புழுவும் வந்த செடியை மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள். அமுங்கின அளவுக்கு இரண்டு அங்குலம் எருவோ மண்புழு உரமோ மேலே போட்டு, மேல்மண்ணோடு லேசாகக் கலந்தால் போதும். அடிவரை கொத்திப் புரட்டாதீர்கள். கத்திரி இருந்த இடத்தில் மறுபடி கத்திரி, தக்காளி, மிளகாய் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய். அங்கே கொத்தவரை, அதன் பிறகு கீரை, அதன் பிறகு திரும்பக் கத்திரி என்று சுற்றி வாருங்கள்.

இந்த ஒரு பாத்தி நாலு பேர் குடும்பத்துக்குப் போதுமா?

போதாது. வாரம் ஒன்றிரண்டு தடவை கீரை, வீட்டுக்கு வேண்டிய பச்சை மிளகாய், சீசனில் குழம்புக்குக் கத்திரி, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு கைப்பிடி வெண்டை. இதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. வெங்காயம், உருளை, தக்காளி எல்லாம் மார்க்கெட்டில்தான் வாங்குவீர்கள். மூன்று பாத்தி இருந்தால் பெரும்பாலான காய் வீட்டிலேயே கிடைக்கும், ஆனால் மூன்றையும் ஒரே ஆடியில் கட்டாதீர்கள். ஒன்றை ஒரு கோடை தாண்டவிட்டு, வைகாசியில் உங்களால் தினமும் தண்ணீர் விட முடிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த 36 கல்லுக்குச் சொல்லுங்கள்.